பைக்குப் பின்னால் இருந்த எழுத்து

முதலில் தெரிந்தது காலில்தான். வியட்நாமில், சைகோனுக்குப் பக்கத்தில் குச்சி என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், துணி சோதிக்கும் அறைக்குள் போவதென்றால் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே இருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை என் கால் அதற்குள் நுழையவில்லை. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சத்தம் போட்டேன். புரட்டிப் பார்த்தால் அடியில் நானே மையால் எழுதிய என் பெயர். செருப்பு மாறவில்லை, கால்தான் வீங்கியிருந்தது.

நான் திருப்பூர்க்காரன். இருபத்தேழு வருடமாகத் துணியில் குறை கண்டுபிடிக்கிற வேலை. சைகோனுக்கு வந்து ஒன்பது வருடம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்டுப்போன கோடு எதுவானாலும் கையைத் தூக்கி நிறுத்துவேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு மீட்டர் துணி வெளியே போகாது என்று பீற்றிக்கொண்டவன். அந்தப் பீற்றல் எப்படி மண்ணைக் கவ்வியது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். என்னைப் போலவே பையும் குழாயுமாக இருக்கிற யாராவது இதைப் படித்தால், அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இரத்த அழுத்தம் பத்து வருடமாக இருந்தது. தலை வலித்தால் மாத்திரை போடுவேன், வலிக்காத நாளில் மாட்டேன். அவ்வளவுதான் என் வைத்தியம். ஆஸ்பத்திரியில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். டாக்டர் லாம் தாளை என் பக்கம் திருப்பி, ஓர் எண்ணின்மேல் விரலை வைத்தார். நாற்பது வயது வியட்நாமியர், நிதானமாக ஆங்கிலம் பேசுவார். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்று அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். என் மனைவி சரசு என் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

வழி இரண்டு என்றார். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. அந்த மூன்று நாளும் வேலை இல்லை. வேலை போனால் விசாவும் போகும். கோவையில் எங்கள் மகள் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு வழி, வீட்டிலேயே செய்துகொள்வது. உங்கள் வயிற்றுக்குள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கிறது,” என்றார்.

அதன் பெயர் பெரிட்டோனியம் (வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும், உள்ளே இருக்கும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு). ஐம்பத்திரண்டு வருடம் அதைச் சுமந்திருக்கிறேன். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு ஏறவில்லை. சட்டைப் பையில் அன்று சோதித்த துணியின் துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்து நீட்டி, “இதில் காட்டுங்கள் டாக்டர்,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

துணியை மேசைமேல் விரித்து, அதன் அடியில் கையை நுழைத்து, மடக்கிய முட்டியை மேலே தள்ளினார். “இந்தக் கை உங்கள் குடல். துணி எங்கேயும் கிழியவில்லை, பாருங்கள். கை துணிக்குள்ளே இல்லை. துணியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதையே போர்த்திக்கொண்டு இருக்கிறது. ஈரல், இரைப்பை எல்லாம் இப்படித்தான். ஒரே துணி, மடிந்து மடிந்து எல்லாவற்றையும் மூடுகிறது. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதில் ஒன்றுமே கிடையாது, ஒரு கரண்டி திரவம் தவிர.”

“பின்னே குடல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாதா?” என்று கேட்டேன். துணிக்காரனுக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

அதற்காகத்தான் மெசென்ட்ரி (குடலை முதுகுப்பக்கச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் மடிப்பு) என்றார். சுவரில் அது பிடித்திருக்கும் இடம் ஒரு சாண் நீளம்தான். மறு ஓரமோ அத்தனை நீளக் குடலையும் தாங்குகிறது. இதை நான் சரசுவுக்குத் தமிழில் சொன்னேன்.

“கொசுவம் மாதிரிங்களா?” என்றாள். “இடுப்புல செருகுறது ஒரு கை அகலந்தானுங்க. கீழ விரிஞ்சா அத்தன துணியிருக்கும்.”

அதை டாக்டருக்கு விளக்குவதற்காக அவள் எழுந்து நின்று சேலையைக் காட்டினாள். அவர் ஏறிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தொப்புளுக்குப் பக்கத்தில் சின்ன அறுவை செய்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்தார்கள். ஓமென்டம் (இரைப்பையிலிருந்து குடல்களின்மேல் முந்தானைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பு) சில பேருக்குக் குழாயைச் சுற்றி அடைத்துவிடுமாம். எனக்கு அது நீளமாக இருந்ததால், மேலே மடித்துத் தைத்துவிட்டதாகச் சொன்னார்கள். உள்ளே ஒரு தையல் விழுந்திருக்கிறது என்றதும் நூல் என்ன ரகம் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு பயிற்சி. ஹான் என்ற இளம் நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். என்னை ‘சூ’ என்பாள். சித்தப்பா மாதிரி. சரசுவை ‘கோ’ என்பாள். அத்தை. அரைகுறை ஆங்கிலம், வியட்நாமிய மொழி, கைச்சாடை, மிச்சத்துக்கு அலைபேசி.

ஒரு நாளைக்கு நான்கு பை. வயிற்றில் இருக்கும் பழைய நீரை வடித்துவிட்டு, இரண்டு லிட்டர் புது மருந்து நீரை உள்ளே விட வேண்டும். உடம்பின் கழிவு அந்தச் சவ்வு வழியாகக் கசிந்து நீரில் இறங்கும். மாற்றும்போது சன்னல் சாத்தியிருக்க வேண்டும், மின்விசிறி ஓடக்கூடாது, முகமூடி, கை கழுவல். சைகோன் வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வேகவைத்த கிழங்கு மாதிரி ஆகிவிடுவோம்.

கடைசியாக ஹான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே வந்த பையை அச்சடித்த தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்தால் ‘த்ரோங்’. தெளிவு. தெரியாவிட்டால் ‘டுக்’. கலங்கல். கலங்கினால் பெரிட்டோனைட்டிஸ் (அந்தச் சவ்வில் கிருமி புகுந்து அழற்சி). அன்றே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். தாமதித்தால் சவ்வு தழும்பேறும். தழும்பேறிய சவ்வு வடிகட்டாது. அப்புறம் இயந்திரம்தான்.

சரசுவுக்கு வியட்நாமிய எழுத்து தெரியாது. அதனால் தமிழ்த் தினசரி நாள்காட்டியை வைத்துக்கொண்டாள். மகள் வருடா வருடம் கொடுத்தனுப்புவாள். காலையில் தாளைக் கிழித்து, பையின் அடியில் வைத்து, ராசிபலனைச் சத்தமாகப் படிப்பாள். எனக்கு ‘வீண் அலைச்சல்’ என்று வந்தால் அன்று முழுக்கக் கிண்டல். ஏழு மாதம் அப்படி ஓடியது. கால் வடிந்தது, ரப்பர் செருப்பு சேர்ந்தது. மத்தியானப் பையைக் கம்பெனியின் முதலுதவி அறையில் நானே மாற்றிக்கொண்டேன்.

டிசம்பரோடு நாள்காட்டி தீர்ந்தது. புதியதைக் கொண்டுவர வேண்டிய நண்பர் பொங்கல் முடிந்துதான் ஊரிலிருந்து கிளம்புவதாகச் சொல்லிவிட்டார். சரசு பூசைத் தட்டிலிருந்து ஓர் அம்மன் பாட்டுச் சீட்டை எடுத்தாள். நகரத்துக் கோயிலில் யாரோ ஊர்க்காரர் விட்டுப்போனது. மெல்லிய தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. நல்ல எழுத்து, சாமி எழுத்து, பையின் அடியில் வைக்க அதைவிட எது நல்லது? எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அந்தப் பாட்டு அவளுக்குப் பாவாடை கட்டிய வயதிலிருந்து மனப்பாடம்.

ஜனவரி நடுவில் ஒரு காலை, வயிற்றில் ஒரு பிடிப்பு. முந்தின நாள் கொள்ளு தின்றது என்று நினைத்தேன். “பை எப்படியிருக்குது?” என்று கேட்டேன். அவள் பையைச் சீட்டின்மேல் வைத்து நாலு வரியும் படித்தாள். “எழுத்தெல்லாம் தெரியுதுங்க. சுத்தமா இருக்குது.”

நான் வேலைக்குக் கிளம்பினேன். தெத் (வியட்நாமியப் புத்தாண்டு) விடுமுறைக்கு முன்னால் சரக்கு போயாக வேண்டும். மறுநாளும் அவள் படித்தாள், நானும் போனேன். மூன்றாம் நாள் மேசைமேல் துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர் தூக்கிப்போட்டது. வயிறு பலகையாகிவிட்டது. கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

வயிற்றில் இருந்ததை வடித்தார்கள். கழுநீர்.

டாக்டர் லாம் சுருக்கமாகத்தான் பேசினார். கிருமிக்கான மருந்தைப் பைநீரிலேயே கலந்து உள்ளே விடுவோம். ஐந்து நாள் பார்ப்போம். ஐந்தாம் நாள் தெளியவில்லை என்றால் குழாயை எடுத்துவிடுவோம். “அதற்குமேல் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து,” என்றார்.

ஹான் திட்டவில்லை. வீட்டில் எப்படிச் சோதித்தீர்கள், செய்து காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள். செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த சரசு பர்ஸிலிருந்து அந்த அம்மன் சீட்டை எடுத்தாள். வடித்த பை கட்டில் ஓரத்துக் கம்பியில் தொங்கியது. அதற்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, தன் பக்கமிருந்து பையின் வழியாகப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். திக்கவே இல்லை. முதல் வரி, இரண்டாம் வரி.

நான் கட்டிலில், பைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன். அச்சடித்த பக்கம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் வெறும் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தாளின் எந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது என்பது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மெதுவாகச் சீட்டை வாங்கி, திருப்பி, சரசுவின் கையில் வைத்தாள். சரசு சீட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள், இரண்டும் ‘டுக்’தான். வலியைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. இருமினால் வலி, கட்டிலை யாராவது இடித்துவிட்டால் வலி. டாக்டர் காட்டிய துணியில் எந்த மடிப்பு எங்கே இருக்கிறது என்று அப்போது என்னால் விரல் வைத்துக் காட்டியிருக்க முடியும்.

சரசு சாப்பிடவில்லை. பையைத் தொடவும் மறுத்தாள். “இனி என்ற கை அதுல படக்கூடாதுங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்,” என்றாள். மகளுக்குப் போன் போட்டும் அதையேதான் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தேன்.

அந்தச் சும்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது.

நாளைக்கு நாலு பை என்று சொன்னேன். மத்தியானப் பை என்னுடையது. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அதை நான் எழுத்தின்மேல் வைத்துப் பார்த்ததில்லை. முதலுதவி அறையில் பையின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். வடிந்து முடிந்ததும் மூடினபடியே கழிப்பறைக்குக் கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவேன். அருவருப்பு என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. ஊர்த் துணியில் எல்லாம் குறை சொல்கிறவனுக்கு, தன் உடம்பிலிருந்து வருவதைத் தூக்கிப் பார்க்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கலங்கல் முதலில் மத்தியானப் பையில்தான் வந்ததோ என்னவோ. யார் பார்த்தது?

நாலாம் நாள் காலை மருந்து கலந்த பையை ஹான் கொண்டுவந்தாள். சரசு விலகி நின்றாள். இவள் கை விலகிப்போனால், வயிறு தெளிந்தாலும் வீட்டில் நான் பிழைக்க முடியாது. அதைவிட, என் பங்குக் குற்றத்தையும் இவள் தலையில் ஏற்றிவைத்துவிட்டு நான் பரிதாபமாகப் படுத்திருப்பது எனக்கே தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“சரசு, மத்தியானப் பைய நானு ஒருநாளுங்கூடப் பாத்ததில்ல.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “பாத்ததில்லைன்னா?”

“துண்டப் போட்டு மூடிருவேன். அப்படியே கொண்டுபோயி ஊத்திருவேன்.”

“ஏனுங்க, ஏழு மாசமாவா?”

தலையாட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. வந்தது கோபம். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாளாது.

“அத்தன வேகத்துல ஓடுற துணியில ஒரு நூலு அறுந்தாக் கண்டுபுடிக்கிற கண்ணு. உங்க வயித்துல இருந்து வர்றதப் பாக்க மட்டும் கூசுதாக்கும்? நானாச்சும் பாக்கோணும்னு பாத்துத் தப்புப் பண்ணுனேன். நீங்க பாக்கவே இல்ல. மூணு நாளா நானு சோறு தண்ணியில்லாம அழுதுட்டுக் கெடக்கறேன், அதயும் பாத்துட்டுப் படுத்திருந்தீங்க!”

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஹான் பையை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்றாள். சரசு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையை முழங்கைவரை கழுவிவிட்டு வந்து, “கொண்டா” என்று தமிழிலேயே சொல்லிப் பையை வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை வடித்த பையை ஹான் மேசைமேல் வைத்தாள். அடியில் தன் சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒரு துண்டுச் சீட்டை எடுத்துச் செருகினாள். படி என்று என்னைக் கை காட்டினாள்.

முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து எழுந்து உட்கார்ந்து, குனிந்தேன். என் வயிற்றிலிருந்து வந்ததை நான் நேராகப் பார்த்தது அன்றுதான். கொஞ்சம் மஞ்சள். அதற்கு அடியில் பேனா எழுத்து. ஒன்பது வருடத்தில் கற்றுக்கொண்ட எழுத்துக்கூட்டலில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சோறு. மீன். அடுத்த சொல் தெரியவில்லை, ஆனால் அதன் எழுத்துகளைச் சொன்னேன். எழுத்தின் தலைமேல் போட்டிருந்த கொக்கிக் குறியையும் சொன்னேன். ஹான் வாயைப் பொத்திச் சிரித்தாள். அது அவர்கள் வார்டு ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பட்டியல்.

“த்ரோங்,” என்றாள்.

சரசு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

குழாய் தப்பியது. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்துச் சவ்வு எவ்வளவு வடிகட்டுகிறது என்று சோதித்தார்கள். சில இடங்களில் தடித்துவிட்டது என்றார் டாக்டர் லாம். முன்னைவிட நீர் குறைவாக வருகிறது. இன்னொரு முறை கிருமி புகுந்தால் தாங்காது.

“எத்தனை வருடம் வரும்?” என்று கேட்டேன்.

“ஒரு துணி எத்தனை வருடம் உழைக்கும் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

மாட்டேன். அது துவைக்கிற கையைப் பொறுத்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பயமாகவே இருந்தது. இன்னும் இருக்கிறது. வயிற்றில் காற்று நகர்ந்தால்கூட மேசையில் கை நின்றுவிடும். துணி தன் பாட்டுக்கு ஓடும்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று மட்டும். பையின் அடியில் தெரிந்த எழுத்தை வைக்காதீர்கள். சாமி பெயரோ பிள்ளை பெயரோ வேண்டாம். தெரிந்ததைக் கண் பார்ப்பதில்லை, வாய்தான் சொல்லிக்கொண்டு போகிறது. வேறு யாராவது பார்ப்பார்கள் என்றும் விட்டுவிடாதீர்கள்.

நண்பர் கொண்டுவந்த புது நாள்காட்டி இப்போது சுவரில் தொங்குகிறது. அதற்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். காலையில் யாரும் அதைப் பார்க்கக்கூடாது. சரசு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மேல்தாளைக் கிழித்துக்கொண்டு வருவாள். கிழித்த கையோடு, அடுத்த நாளின் தாள் கண்ணில் படாமல் அதன்மேல் ஒரு அட்டையைச் செருகிவிடுவாள். பை வடிந்ததும் அதன் அடியில் தாள் போகும். நான் குனிவேன். மத்தியானத்துக்கு ஒரு பழைய வியட்நாமியச் செய்தித்தாளைக் கம்பெனியில் வைத்திருக்கிறேன். துண்டைத் தூக்கி எறிந்தாயிற்று.

முன்பெல்லாம் தேதி தானாக வரும். படுத்தால் மறுநாள். இப்போது வயிற்றிலிருந்து வந்த இரண்டு லிட்டர் நீரின் வழியாகத்தான் நான் ஒவ்வொரு நாளையும் படிக்கிறேன். அது தெரிகிறவரைக்கும் அன்றைய நாள் எங்களுக்குத் தொடங்குவதில்லை.

இன்று காலையும் குனிந்தேன். பெரிய சிவப்பு எழுத்தில் தேதி நன்றாகவே தெரிந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்லங்க,” என்றாள் சரசு. பையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “அடியில பொடி எழுத்து இருக்குது பாருங்க. அதப் படிங்க.”

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன்.